நாலாம் மாடியின் ஏழு பெட்டிகள்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

நான் எழுதிய ஏழு வரிகளை நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் இருவர் இல்லை, பத்துப் பதினைந்து பேர் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் செய்த ‘கீழே போகும் லிஃப்ட்’ என்ற படக்கதை விளையாட்டை, சோடாபுட்டியின் மகள் தன் கம்பெனியில் மெருகேற்றிப் புதிதாக வெளியிட்டிருக்கிறாள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். கதையும் வசனமும் நான். படமும் புரோகிராமும் சோடாபுட்டி. என் கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடித்தது நீ. அன்றைக்கு வாங்கியவர்கள் சில நூறு பேர். இன்றைக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களே அதைவிட அதிகம். அவன் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஆறு வருடம் முந்திக்கொண்டான்.

நாலாம் மாடியில் ஓர் அம்மா ஏறுவாள், ஞாபகம் இருக்கும். லிஃப்ட் ஓட்டுகிறவன் அவள் மகன், பல வருடம் அவளை எட்டிப் பார்க்காதவன். “அம்மா, என் மேல கோபமா?” என்று கேட்பான். அவள் ஏழு வரி பதில் சொல்லுவாள். தரைத்தளம் வரும். இறங்கிப் போய்விடுவாள். இது நான் எழுதியது.

பழைய விளையாட்டில் அந்த இடத்தில் எழுத்தே இல்லையாம். படத்துக்குக் கீழே எழுத்துப் பெட்டி வருமாம், காலியாக. பொத்தானை அழுத்தினால் இன்னொரு காலிப் பெட்டி. இப்படி ஏழு. அந்தக் காலிப் பெட்டிகளுக்காகத்தான் இத்தனை வருடம் இந்த விளையாட்டைக் கொண்டாடினார்களாம். புதிய பதிப்பில் என் வரிகளைப் பார்த்ததும் கொதித்துப் போயிருக்கிறார்கள். ஒருவர் எழுதுகிறார்: “யாரோ கூலிக்கு எழுதிய ஆறுதலை அந்த மகத்தான மௌனத்துக்குள் ஊற்றிவிட்டார்கள். அசல் ஆசிரியர் இதைப் பார்த்தால் வெட்கப்படுவார்.” அசல் ஆசிரியர் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஃபிளாப்பிகளைப் பிரதி எடுத்த இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். நீ அடித்து முடித்த முதல் ஃபிளாப்பி உன் பீரோவில்தான் இருக்கிறது. அதில் என் வரிகள் இருக்கும். உடனே அனுப்பு.

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்ததா? இங்கே உன் அண்ணியும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். போன் செய்யாதே. என் காது இப்போது பாதிதான் கேட்கிறது.

அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அண்ணியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். முட்டி வலி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வருகிறது. அவருக்குச் சர்க்கரை குறைந்தது, நாக்கு குறையவில்லை. ஒளித்து வைத்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எறும்பு தின்றுவிட்டது என்கிறார்.

கோர்ட்டில் டைப் அடிக்கிற வேலை முடிந்து ஓய்வு பெற்றாலும் வக்கீல் ஆபீசில் வாரம் மூன்று நாள் கூப்பிடுகிறார்கள். இப்போதைய பிள்ளைகள் வேகமாக அடிக்கிறார்கள், ஆனால் சாட்சி சொன்னதைத் தங்கள் இஷ்டத்துக்குத் திருத்தி அடிக்கிறார்கள். திட்டித் திட்டி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

விமர்சனம் எழுதுகிறவர்கள் எதையாவது எழுதத்தான் செய்வார்கள். அதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 24

தங்கச்சிக்கு,

நலம். பிஸ்கட்டும் எறும்பும் எழுத இடம் இருந்தது. ஃபிளாப்பிக்கு இடம் இல்லையா?

நேற்று சோடாபுட்டியின் மகள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் அவன் கண்ணாடி இல்லை, மற்றபடி அவனேதான். உன் அண்ணி காபி வைப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“பெரியப்பா, பழைய கேம்ல அது காலியாத்தான் இருந்துச்சு. சின்ன வயசுல நானே ஆடியிருக்கேன். இடம் பத்தாம விட்டுப்போயிருக்கும்னு நினைச்சேன். உங்க நோட்டுல அந்த ஏழு வரியைப் பாத்ததும் புதையல் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அதான் சேத்தேன்.”

“நல்லது பண்ணினே. அதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். நோட்டையும் படம் எடுத்துப் போட்டேன். நேத்து எழுதின நோட்டுன்னு சொல்றாங்க.”

“முப்பது வருஷத்து நோட்டு! தொட்டா உதிருது!”

“டீத்தண்ணில நனைச்சுக் காயவெச்சா அப்படித்தான் ஆகும்னு ஒருத்தர் விளக்கமே எழுதியிருக்கார். அந்த வரிகளை எடுக்கச் சொல்லிப் பதினாலாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“எதுக்கு? ஒண்ணும் இல்லாததுக்கா?”

“ஆமா பெரியப்பா. ஒண்ணும் இல்லாததுக்குத்தான்.”

ஏழு காலிக் கட்டங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்களாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டம் போட்ட சட்டை நாமும்தான் போட்டோம்.

அவள் சொல்வது இதுதான். ஏப்ரல் முப்பதுக்குள் அசலில் அந்த வரிகள் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் வரிகளை எடுத்துவிட்டு, “அசலில் இல்லாத வரிகள் தவறுதலாகச் சேர்க்கப்பட்டன” என்று கம்பெனி அறிவித்துவிடும். அப்புறம் நான் பொய்யன் என்பது ஊரறிந்த விஷயமாகிவிடும். நான் படித்தவன் இல்லை. லிஃப்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே நானாகக் கற்றுக்கொண்டு எழுதியவன். என்னிடம் இருப்பது அந்த எழுத்து மட்டும்தான்.

ஃபிளாப்பியை அனுப்பு. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுதுங்கள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கூரையில் ஒழுக்கு, பீரோவை நகர்த்திப் போட்டிருக்கிறோம், எது எங்கே என்று தெரியவில்லை. தேடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அந்த விளையாட்டை எப்போதாவது கடைசிவரை ஆடியிருக்கிறீர்களா? அந்தக் காலத்திலோ, அப்புறமோ?

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


மார்ச் 25

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ கேட்டது விசித்திரமான கேள்வி. ஆடியதில்லை. எதற்கு ஆட வேண்டும்? யார் எந்த மாடியில் ஏறுவார்கள், என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? இரண்டாம் மாடிவரை ஒரு தடவை பார்த்தேன், படம் நன்றாக இருந்தது, எழுந்து போய்விட்டேன்.

பிழை பார்ப்பதெல்லாம் எனக்குக் காகிதத்தில்தான். நீ அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து மூன்று தடவை படித்து, கீழே கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட பிறகு அது முடிந்த வேலை. திரையில் என்ன பார்ப்பது? நீ அடித்தால் ஒரு புள்ளி கூட மாறாது என்று சோடாபுட்டியிடம் நானே பெருமை அடித்திருக்கிறேன்.

அந்த ஏழு வரியை நீயே இன்னொரு தடவை படித்துப் பார். நோட்டில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

கோபமா? உன் மேலயா?
வேலை இருந்திருக்கும்.
வந்திருந்தா மட்டும் நீ என்ன பண்ணியிருப்ப.
நான் பாதி நேரம் தூங்கிட்டுத்தான் கிடந்தேன்.
நீ வருவேன்னு எனக்குத் தெரியும்.
சாப்பிட்டியா?
சரி, கதவைத் திற.

இதில் என்ன குறை? இதைத்தான் ‘மலிவான சர்க்கரைப் பாகு’ என்கிறார்கள். நேற்று வந்த விமர்சனத்தில் படத்துக்குப் பத்துக்கு ஒன்பது, இசைக்கு ஒன்பது, நாலாம் மாடிக்கு மட்டும் தனியாக ஒரு முட்டை. இன்னொருவன் காலிப் பெட்டியை எழுதிய என்னை மேதை என்கிறான், வரியை எழுதிய என்னைக் கூலிக்காரன் என்கிறான். எழுதாததற்கு மாலை, எழுதியதற்குச் செருப்பு. எந்தக் கையால் எதை வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கூரையைச் சரி செய்துவிட்டாயா?

அண்ணன்


ஏப்ரல் 8

தங்கச்சிக்கு,

நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து கேட்ட உன் அண்ணி சொன்னாள். பதில் எழுதாததற்கு உடம்பு காரணம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்னும் இருபத்திரண்டு நாள். முதலில் உன்னைக் கெஞ்ச வேண்டாம் என்று நினைத்தேன். இப்போதும் கெஞ்சவில்லை. அது என் எழுத்து இருக்கிற ஃபிளாப்பி. பதிவுத் தபாலில் அனுப்பு.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணனுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதுங்கள்.

ஃபிளாப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டை வைத்துச் சுற்றியிருக்கிறேன், மடிக்காதீர்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வேறு யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. ஆனாலும் நலம்.

ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு சோடாபுட்டியின் மகள் ஆபீசுக்கே போனேன். நாலு மேஜை, நாலு பிள்ளைகள். அதைப் படிக்கிற பழைய பெட்டியை அவள் எங்கிருந்தோ இரவல் வாங்கி வைத்திருந்தாள். எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். என் வசனங்கள் வரிசை எண்ணோடு திரையில் ஓடின. 411, “அம்மா, என் மேல கோபமா?” இருந்தது. 412 இருந்தது. இரண்டு பக்கமும் மேற்கோள் குறி, நடுவில் ஒன்றும் இல்லை. 418 வரைக்கும் அப்படியே. 419, ‘கதவு திறக்கிறது.’

ஒரு பிள்ளை கைதட்டிவிட்டான். அவள் முறைத்தாள், நிறுத்திவிட்டான்.

நாற்பது வருடம் லிஃப்ட் கம்பி பார்த்தவன் நான். கம்பி தானாக அறுந்தால் நுனி பிய்ந்து பிரிந்து கிடக்கும். வெட்டினால் நேராக இருக்கும். தானாகத் தொலைந்திருந்தால் எண்ணும் தொலைந்திருக்கும், குறியும் தொலைந்திருக்கும். இது வெட்டு. ஆள் வெட்டியது.

யார் என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் வசனம் நீளம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் ஒருத்தன்தான். அங்கேயே சொல்லிவிட்டேன்.

“உங்கப்பன் வேலைம்மா இது. கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான்.”

“பெரியப்பா, அப்பா உங்க ஒரு எழுத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டாரு.”

“தொட்டிருக்கானே! கண்ணு முன்னால கிடக்குதே!”

அவள் அழவில்லை. திரையை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் விடுவதாக இல்லை. முப்பதாம் தேதி அறிவிப்பில், ‘ஆசிரியருக்குத் தெரியாமல் என் தந்தை வெட்டிய வரிகள் இவை’ என்று அவள் போட வேண்டும். போடாவிட்டால் நானே எல்லாப் பத்திரிகைக்கும் எழுதுவேன்.

உன் அண்ணி என்னோடு பேசவில்லை. “செத்துப்போனவரோட சண்டை போடறீங்களே, அவர் என்ன எழுந்து வந்து பதில் சொல்லப் போறாரா?” என்று மட்டும் கேட்டாள்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. வக்கீல் ஆபீசுக்குப் போகவில்லை.

சோடாபுட்டி அண்ணன் தொடவில்லை. நான்தான் எடுத்தேன்.

கோர்ட்டில் நான் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்தார்கள். சாட்சி சொன்னதைத்தான் அடிக்க வேண்டும். சாட்சி வாயைத் திறக்கவில்லை என்றால், பதில் என்ற இடத்தில் எண்ணைப் போட்டுவிட்டுக் காலியாக விட்டு, அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நம் மனதில் என்ன தோன்றினாலும் அதை அந்த இடத்தில் அடிக்கக் கூடாது.

அம்மா போய் முப்பத்து மூன்றாம் நாள் அந்தப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். ‘கோபமா? உன் மேலயா?’ என்பதை அடித்தேன். ‘வேலை இருந்திருக்கும்’ என்பதை அடித்தேன். ஏழையும் அடித்தேன். பிறகு திரும்பி வந்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா பதினெட்டு நாள் கிடந்தாள். அவள் தூங்கவில்லை. தண்ணீர் கேட்டாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், நர்ஸின் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தாள். பதின்மூன்றாம் நாள் உங்களைப் பற்றி ஒன்று கேட்டாள். நான் உங்களுக்காக ஒரு பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் பத்தொன்பதாம் நாள் வந்தீர்கள்.

எண்கள் கலைந்தால் புரோகிராம் நின்றுவிடும் என்று சோடாபுட்டி அண்ணன் சொல்லியிருந்தார். அதனால் குறிகளை அப்படியே விட்டேன். அவர் ஓட்டிப் பார்த்தார். நாலாம் மாடி வந்ததும் என்னைப் பார்த்தார். “இப்படியே இருக்கட்டுமாம்மா?” என்றார். “இருக்கட்டும்” என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நானே உங்களிடம் சொல்லுவேன் என்று விட்டிருப்பார், நான்தான் சொல்லவில்லை.

நீங்கள் ஒரு நாள் ஆடிப் பார்ப்பீர்கள், என்னிடம் வந்து சத்தம் போடுவீர்கள் என்று காத்திருந்தேன். முதல் வருடம் முழுவதும் காத்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் உடனே போய்ச் சொல்லுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 28

தங்கச்சிக்கு,

நலம். உன் முட்டி, மாப்பிள்ளையின் சர்க்கரை, கூரை, மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை உன்மேல் கோபம் வந்தது. நான் எழுதிய பக்கத்தில் கை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? இதை இப்போதும் கேட்கிறேன். அந்த மாதம் எனக்கு எத்தனை வேலை இருந்தது என்று உனக்கே தெரியும், புதுக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட்… வேண்டாம், அதை விடு. அடித்துவிட்டு எழுதினால் வேறு காகிதம் எடுக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் அந்த ஆபீசுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. “எனக்கு அந்தப் பழைய கேமைப் போட்டுக் கொடும்மா” என்றேன். எதற்கு என்று கேட்காமல் போட்டுக் கொடுத்தாள். அப்பனைப் போலவே.

மூன்று மணி நேரம் ஆடினேன். என் வசனம் சில இடங்களில் நீளம்தான். நாலாம் மாடி வந்தது. சோடாபுட்டி வரைந்த அந்த அம்மா பக்கவாட்டில் நிற்கிறாள், முகம் முழுதாகத் தெரியவில்லை. “அம்மா, என் மேல கோபமா?” என்று அவன் கேட்டான். அழுத்தினேன். காலி. அழுத்தினேன். மூன்றாவது பெட்டியில் கை நின்றுவிட்டது. அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அங்கே இருந்த பிள்ளைதான் வந்து, “தாத்தா, ஹேங் ஆகல. நீங்க அழுத்தினாத்தான் போகும்” என்றான். அழுத்தினேன். ஏழும் முடிந்தது. கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

விமர்சகர்கள் சொன்னது இதைத்தானா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அதில் என்ன கண்டார்கள் என்பதும் எனக்கு இன்னும் புரியவில்லை. என் ஏழு வரியும் நல்ல வரிகள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவற்றை அவள் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்று நாலு நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். குழப்பம் தீரும்வரை காத்திருந்தால் முப்பதாம் தேதி போய்விடும். ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதில் மாற்றம் இல்லை.

சோடாபுட்டியின் மகள் அந்த ஏழு வரிகளையும் எடுத்துவிட வேண்டும். ‘அசலில் இல்லாத வரிகள்’ என்று அவள் எழுதி வைத்திருந்த அறிவிப்பைக் கிழித்துவிட்டு, ‘ஆசிரியர் எழுதினார், நாலாம் மாடி அம்மா சொல்லவில்லை’ என்று போட வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டாள்.

விளையாட்டின் கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில், ‘நாலாம் மாடி: ஆசிரியரின் தங்கை’ என்று தனி வரி போட வேண்டும். இதையும் அவள்தான் செய்ய வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அவள் அப்பனைப் பற்றி நான் பேசியது நாலு பிள்ளைகள் முன்னால். எனவே அந்த நாலு பேரும் இருக்கும்போது, அதே இடத்தில் நின்று, பேசியது தப்பு என்று நான் சொல்ல வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குப் போகிறேன். உன் அண்ணியும் கூட வருகிறாள், சொல்ல வந்ததை நான் முழுங்கிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

விமர்சகர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நீ ஒன்று செய்ய வேண்டும். பதின்மூன்றாம் நாள் அம்மா என்ன கேட்டாள், நீ எனக்காக என்ன பதில் சொன்னாய் என்று எழுத வேண்டும். எனக்காக மெருகேற்றக் கூடாது. கோர்ட்டில் அடிப்பதுபோல, அவள் சொன்ன சொல்லில் எழுது.

நான் அதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, பதிலுக்கு எந்தக் காரணமும் எழுதாமல், புறப்பட்டு உன் வீட்டுக்கு வர வேண்டும்.

அண்ணன்